ஒரு பிடி வண்டல்

மாசியில் மார்த்தாண்டத்துக்கு மாற்றலாகிப் போன ஷெர்லின் மேடம்
என் நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார்:
நாலு இலை, வளைந்த ஒரு தண்டு,
அதில் ஊதாவாய் ஏழு பூ,
வெள்ளைத் தாளில் ஒரு வரி.
"தண்ணீர் வாரம் ஒருமுறை. அதுவும் யோசித்து."

நீடாமங்கலத்தில் யோசித்துத் தண்ணீர் விட்டவர் யார்?

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
பக்கத்து சீட்டுக்காரி ஒரு பூவை நகத்தால் கீறிப் பார்த்து
"பிளாஸ்டிக் இல்லையா" என்று ஏமாந்தாள்.

பூ மூன்று மாதம் இருந்தது.
மல்லிகை ஒரு ராத்திரியில் முடிந்துவிடும் வீட்டில்
அது கொஞ்சம் அதிகப்படிதான்.
உதிர்ந்த பிறகே குணாளன் செடியை உற்றுப் பார்த்தார்.
தொட்டிக்கு வெளியே தொங்கின
சாம்பல் பூத்த வேர்கள்.
"அடப் பாவமே, மண்ணே இல்லாம வச்சிருக்கியே."

மேட்டூர் திறந்து எட்டாம் நாள்,
வெண்ணாற்றில் புதுத்தண்ணீர் நுரையும் சருகுமாய் வந்த அன்று,
வயலிலிருந்து ஒரு பிடி வண்டல் கொண்டுவந்து
வேர் தெரியாமல் மூடி
ஒரு செம்புத் தண்ணீரும் ஊற்றினார்.
பிள்ளைக்குப் போர்த்திவிட்ட முகத்தோடு
படுக்கப் போனார்.

நான் மண் பார்க்கிறவள்.
துணிப்பையில், சர்வே எண் எழுதிய சீட்டோடு
கோயில்வெண்ணி மண் வரும், பூவனூர் மண் வரும்.
கார அமில நிலை, உப்பின் அளவு,
தழை, மணி, சாம்பல் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.
எங்கள் வண்டலையும் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.
குறை சொல்ல ஒன்றுமில்லாத மண்.
அன்று ராத்திரியும் சொல்லவில்லை.

இருபது நாளில் கீழிலை மஞ்சளாகிக்
கையோடு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சமையலறைத் தரையில்
பழைய தினசரி விரித்துக் கவிழ்த்தேன்.
அழுகிய வேரை இழுத்தால் உறை கழன்று
நடுவில் நூல் மட்டும் நிற்கிறது.
பதினோரு வேரில் மூன்றுதான் அழுத்தினால் கெட்டி.
கத்தரிக்கோலை அடுப்பில் காட்டி வெட்டினேன்.
வெட்டின வாயில் பட்டைத்தூள்.
வீடெல்லாம் பிரியாணி வாசனை.
"என்ன விசேஷம்" என்று வந்தவர்
தாளில் கிடந்ததைப் பார்த்து நின்றுவிட்டார்.

இஸ்திரிக்கடை வைரக்கண்ணுவிடம் கேட்டு வாங்கிய கரி,
இரண்டு நாள் ஊறி மூன்று தண்ணீர் மாற்றிய
தேங்காய்மட்டைத் துண்டு,
பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஓட்டை போட்ட
கண்ணாடி மாதிரி ஓட்டல் பார்சல் டப்பா.
வேருக்கும் வெளிச்சம் வேண்டும்.
இதில் எதையும் மண் என்று
என் ரிஜிஸ்தரில் எழுத முடியாது.

"ஒட்டுண்ணியா இது?"
இல்லை, உறிஞ்சாது.
மரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.
நனையும், காயும், அடுத்த மழைக்கு நிற்கும்.
"பிடிச்சுக்கிட்டு மட்டும்" என்று
தனக்குத்தானே திருப்பிச் சொன்னார்.
நான் செம்மண் ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள்.
பேச்சை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஊரெல்லாம் வாய்க்கால் நிரம்பி ஓட
ஒரு வாரம் இதற்கு மட்டும் சொட்டு விடவில்லை.
ராத்திரி அவர் எழுந்து போவது கேட்கும்.
செம்பை எடுப்பது கேட்கும்.
வைத்துவிட்டுத் திரும்பி வருவதும்.

ஐப்பசி மழைக்குப் பயந்தேன்.
குருத்தில் தேங்கிய நீரைப் பஞ்சால் ஒற்றி எடுத்தேன்.
கார்த்திகையில் நாக்கு நுனியளவு ஓர் இலை.
மார்கழிக் குளிரில், ஜன்னலோரம்,
இலை இடுக்கில் பச்சையாய் ஒரு முனை.

வேரென்றால் நுனி உருண்டையாய் இருக்கும்.
தண்டென்றால் கட்டைவிரல் பிரிந்த மாதிரி
ஒரு பக்கம் மடிப்பு தெரியும்.
இது இரண்டு மாதிரியும் இருந்தது.

சம்பாவில் நின்றுவிட்டு வந்தவர்
கை கழுவி, கைலியில் துடைத்து,
குனிந்து வெகுநேரம் பார்த்தார்.
"பொதி கட்டுது."
வேராகவும் இருக்கலாம் என்றேன்.
"தண்ணி?"
வெள்ளிக்கிழமை.
போய், நாட்காட்டியில் வெள்ளியைச் சுழித்துவிட்டு வந்தார்.